உதடு ஒட்டும் பழம்

மல்லாவியில், சங்கக்கடைக்குப் பின்னாலுள்ள அறையில்
மாதத்தின் கடைசி ஞாயிறு கூடுவோம்,
ஏழு பேர். சில மாதம் ஐந்து.
ஆனிக்கு றஜிதரன் வைத்த விதி:
பிடித்த நாவல் ஒன்று,
அதற்குப் பொருந்துகிற இனிப்பு ஒன்று.
வெறுங்கையோடு வந்தால் வாசலோடு திரும்பலாம்.

என் நாவலில் ஒருவரும் இனிப்புத் தின்பதில்லை.
உப்பளத்தில் கணக்கெழுதுகிறவள் பரிமளகாந்தி.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
முதலாளி கேட்கிறான், சீருடைக்காரன் கேட்கிறான்,
பெற்றவள் காலைப் பிடித்துக் கேட்கிறாள்:
அன்றிரவு தோணியில் ஏறியது யார்?
அவள், மூட்டை எத்தனை என்று மட்டும் எழுதுகிறாள்.
ஏழு தரம் வாசித்துவிட்டேன்.
எனக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பயற்றம் உருண்டை பிடித்துப் பார்த்தேன்.
கையில் நின்றது, வாயில் உதிர்ந்தது.
முதல் அதட்டலிலேயே
எல்லாவற்றையும் கக்கிவிடுகிற ஆள்.
தொதலுக்குச் சீனி விலை கேட்டேன், அதோடு விட்டேன்.
கேசரியா? கேசரிக்கு ஏது இரகசியம்.
பனங்கட்டியைக் கடித்தபடி
நூற்றிருபதாம் பக்கத்தில் கொஞ்சநேரம் இருந்தேன்.
கிட்டத்தட்டச் சரி.
ஆனால் கரைந்துவிடுகிறது.

ஞாயிறு, புத்தகம் மட்டும் சைக்கிள் கூடையில்.
துணுக்காய் வீதியில் ஒரு பெடியன்
பாலைப்பழம் வைத்திருந்தான்,
சின்னச் சின்ன மஞ்சள், சுண்டு கணக்கில்.
"விடியப் பிடுங்கினது அக்கா.
அங்கால மரத்தில கரடி நிண்டது."
கரடிக்கும் சேர்த்துத்தான் விலை சொன்னான்.
ஒன்றை வாயில் போட்டேன். தேன்.
இன்னும் நாலு.
பிறகு மெல்லப் பால் ஊறி
மேலுதட்டைக் கீழுதட்டோடு தைத்தது.
நடுறோட்டில் சிரிக்கப் பார்த்தேன், வாய் விடவில்லை.
விரலால் காட்டி மூன்று சுண்டு வாங்கினேன்.

றஜிதரனுடையது துப்பறியும் கதை,
அத்தியாயத்துக்கு ஒரு டொபி.
கடைசி டொபி, கொலைகாரனைப் பிடிப்பவருக்காம்.
குணசீலி ரீச்சர் காதல் கதையும் மஸ்கெற்றும்.
மஸ்கெற் பளபளத்தது. கதை பரவாயில்லை.
ஜெனோவா, பனி கொட்டும் ஊர்க்கதைக்கு
ஐஸ்பழம் கொண்டுவந்தாள்.
மூன்றாம் பந்தி வருமுன்
மேசையில் வெள்ளம், அவள் மடியில் குச்சிகள்.

என் முறை.
தோணி வரைக்கும் சொல்லிவிட்டுப்
பழத்தை நீட்டினேன்.
"பத்துப் பதினைஞ்சு தின்னுங்கோ.
பிறகு கேளுங்கோ."

தின்றார்கள். கொட்டைகள் தாளில் விழுந்தன.
"அப்ப அந்தத் தோணியில..."
றஜிதரனுக்கு மிச்சம் வரவில்லை.
ரீச்சர் நாக்கால் துழாவி, தோற்று,
சேலைத் தலைப்பால் துடைத்து, அதுவும் ஒட்டி,
கண்ணில் நீர் வரச் சத்தமில்லாமல் சிரித்தார்.
சிரிப்பு ஓய்ந்தபின்னும் யாரும் எழும்பவில்லை.

இந்த அறையில் எல்லோரும்
எப்போதோ கேட்கப்பட்டவர்கள்.
வரிசையில், படிவத்தில், கூடார வாசலில்:
யார் போனது, யாரோடு, எப்போது கடைசியாய்.
ஒருவரையொருவர் மட்டும் கேட்டதில்லை.
றஜிதரனின் லொறியில்
இன்னும் தம்பியின் பெயர்தான் எழுதியிருக்கிறது.
எனக்கு அவ்வளவுதான் தெரியும்.
அன்றைக்கு அவன் யன்னலைப் பார்த்தபடி
பழம் எடுத்தான், பழம் எடுத்தான்,
சுண்டு காலியாகும் வரைக்கும்.
மின்விசிறி ஒன்றுதான் விடாமல் கதைத்தது.

பிறகு சங்கக்கடை மோகனதாஸ்
தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.
ஆளுக்கொரு துளி உதட்டில்.
"கணக்கில எழுதட்டோ?"
எழுதச் சொன்னோம்.

புத்தகத்தில்
முந்நூற்றுப் பத்தும் பதினொன்றும்
ஒன்றாய் ஒட்டிப் போயின.
பிரிக்கப் போனால் கிழியும்.
நூலகத்தில் தண்டம் எழுபது ரூபா.
நூலகர் கண்ணாடியைக் கழற்றி,
விளிம்பை விரலால் தடவி,
மோந்து பார்த்தார்.
"பாலையோ? எங்க பிள்ளை இன்னும் விக்கிறாங்கள்?"